முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்கிற ஆள்

போடிநாயக்கனூர்,
கார்த்திகை மாதம்.

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய இரண்டு கொட்டேஷனையும் படித்தேன். அடிமாலிக்காரர் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் எழுதி, ஐந்து நாளில் ஜிப்சம் போர்டு சீலிங்கும் பார்ட்டிஷனும் முடித்துத் தருகிறேன், மார்கழிக்குள் பெயிண்டும் அடித்துவிடலாம் என்கிறார். இங்கே போடியிலிருந்து வந்து பார்த்தவர் அதைவிடக் கூடுதலாகக் கேட்கிறார். போதாததற்கு மாசி வரைக்கும் பொறுக்கச் சொல்கிறார். தையில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது, யாரை வைப்பது என்று கேட்டிருக்கிறாய். யாரை என்பதற்கு முன்னால் எப்போது என்பது முடிவாக வேண்டும். தேவிகுளத்தில் அவை இரண்டும் ஒரே கேள்விதான்.

உங்கள் தேவிகுளம் வீட்டில் போடப்போவது உன் அப்பாவும் அம்மாவும் தேயிலைக் கொழுந்து எடுத்தும் பேக்டரியில் நின்றும் சேர்த்த பி.எஃப்., கிராஜுவிட்டிப் பணம். ஓய்வு பெற்ற பிறகு குடும்பத்தில் வேறு யாரும் கம்பெனி வேலையில் இல்லையென்றால் தோட்டத்து லய வீட்டை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டியதுதான். தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் உழைத்த குடும்பத்துக்குச் சொந்தச் சுவர் என்று ஒன்று இப்போதுதான் வாய்த்திருக்கிறது. அதற்குள் வேலை செய்ய வருகிறவர் யார் என்று நீ இவ்வளவு யோசிப்பது சரி. அதனால்தான் நானும் விரிவாக எழுதுகிறேன்.

ஜிப்சம் போர்டு எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1894-ல் அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் இதன் முன்னோடிக்குக் காப்புரிமை வாங்கினார். அந்நாளில் அங்கே மெல்லிய மரச் சட்டங்களை நெருக்கமாக அடித்து, அதன்மேல் சாந்து பூசுவார்கள். ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருந்து வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். அந்தப் பூச்சைத் தொழிற்சாலையிலேயே காகிதத்தோடு சேர்த்துப் பலகையாக்கி, காயவைத்தே அனுப்பிவிட்டால் வீட்டுக்குள் காத்திருக்க வேண்டாமே என்பதுதான் யோசனை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவசரமாக வீடுகள் எழுந்த காலத்தில் அது அங்கே வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. நம் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் ஆறடிக்கு நாலடி, 12.5 மில்லிமீட்டர் கனம். ஒரு போர்டு 20 கிலோவை ஒட்டி இருக்கும்.

உங்கள் வீட்டுக்கு இது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். ஹாலைப் பிரிக்க நாலரை அங்குலச் செங்கல் சுவர் வைத்தால் பூச்சோடு சதுர மீட்டருக்கு 200 கிலோவைத் தாண்டும். இரண்டு பக்கமும் போர்டு அடித்த பார்ட்டிஷன் அதில் பத்தில் ஒரு பங்குதான். சரிவில் நிற்கிற வீட்டுக்குச் சுமை குறைவது நல்லது. அடுப்படிப் பக்கம் தீ பயத்துக்கும் உதவும். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதனுள்ளேயே கட்டுண்டு கிடக்கிற தண்ணீர். தீப்பிடித்தால் அது ஆவியாகித் தீரும்வரை சூடு சீக்கிரம் மறுபக்கம் போகாது.

பலகை தொழிற்சாலையிலேயே காய்ந்து வந்தாலும் ஓர் இடத்தில் ஈர வேலை மிச்சம் இருக்கிறது. போர்டும் போர்டும் சேர்கிற ஜாயிண்டில் காம்பவுண்டைக் குழைத்து வைத்து, காகித டேப்பைப் பதித்து, மேலே இன்னும் இரண்டு கோட்டு இழுக்க வேண்டும். ஒவ்வொன்றும் முந்தினதைவிட அகலமாக. முந்தின கோட்டு காய்ந்த பிறகுதான் அடுத்தது. இங்கே போடியில் வெயில் நாளில் ஒரு கோட்டு ஒரே நாளில் காய்ந்துவிடும். உங்கள் ஊரில் கார்த்திகையில் சன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிறது. அந்தக் காற்றில் அதே கோட்டு மூன்று நாள், நாலு நாள் கேட்கும். மேலே வெள்ளையாகத் தெரியும். நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இன்னும் பச்சையாக இருக்கும். குளிர் இன்னொரு தடை. 10 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது ஜாயிண்ட் வேலை செய்யக் கூடாது என்பது இந்தத் தொழிலின் விதி. மார்கழி கடைசியிலும் தையிலும் விடியற்காலை உங்கள் பக்கம் புல்லில் உறைபனி படிகிறதே, அப்போது வீட்டுக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சில காம்பவுண்டு ஒரு மணி நேரத்தில் இறுகிவிடும் என்று அடிமாலிக்காரர் சொல்லக்கூடும். அப்படிப்பட்ட பவுடரும் இருக்கிறது, அது நல்ல சரக்குதான். ஆனால் இறுகுவது வேறு, காய்வது வேறு. இறுகினதன்மேல் அடுத்த கோட்டு போடலாம். பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற தண்ணீர் போயாக வேண்டும். உங்கள் ஊர் மார்கழியில் ஐந்து நாளில் அது போகாது. மூணாறு பக்கம் ஒரு லாட்ஜில் ஆடி மழையில், சீசனுக்குத் தயாராக வேண்டும் என்று ஒரே வாரத்தில் சீலிங் முடித்ததைப் பார்த்திருக்கிறேன். திறந்த அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓணத்துக்குள் ஜாயிண்ட் நெடுகக் கறுப்புப் பூசணம். டேப் உரிந்து நாடா நாடாவாகத் தொங்கியது. வேலை செய்தவர்கள் கைத்திறன் இல்லாதவர்கள் இல்லை. அவர்களுக்குக் காத்திருக்க நாள் கொடுக்கப்படவில்லை.

தேர்ந்த ஆள் என்று நான் யாரைச் சொல்கிறேன் என்றால், வீட்டுக்குள் வந்ததும் டேப்பை நீட்டி அளக்காமல் முதலில் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறவரை. கூரை எங்கே ஒழுகுகிறது, பின்சுவர் மழையில் வேர்க்கிறதா, குளியலறை எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது, டாங்க் எங்கே என்று கேட்பார். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்துதான் விலை சொல்வார். போடிக்காரர் பின்பக்கம் போய் மண் வெட்டின இடத்தைப் பார்த்தார் என்று எழுதியிருந்தாயே, எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அந்த ஒரு வரியில்தான்.

அந்தப் பின்பக்கத்தைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். மலையை வெட்டி வீடு வைத்தால் வெட்டின முகத்திலிருந்து ஊறுகிற தண்ணீர் வாய்க்காலில் போக வேண்டும். வழி இல்லையென்றால் சுவருக்குள் வரும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போய் 70 உயிர் போன பிறகு, மழைத் தண்ணீரும் மலைச்சரிவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நம் சனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பின்பக்க வாய்க்கால் சரியில்லை என்றால் சீலிங் பணத்தை அதில் போடு. சீலிங் அடுத்த வருஷம் வரட்டும். ஈரச் சுவரை மறைக்கப் போர்டு அடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதே. மறைந்த ஈரம் உள்ளேயே இருந்து காகிதத்தைத் தின்னும், ஆணியைத் துருவாக்கும்.

கூரையையும் பார்க்க வேண்டும். உங்களுடையது தகர ஷீட். ராத்திரிக் குளிரில் ஷீட்டின் அடியில் வேர்த்து, வெயில் ஏறும்போது சொட்டுச் சொட்டாக விழும். ஒழுகலே இல்லாத வீட்டிலும் சீலிங்கில் காப்பி நிறக் கறை வருவது இதனால்தான். ஷீட்டுக்கும் போர்டுக்கும் நடுவே காற்று வந்து போக இரண்டு முனையிலும் கம்பி வலை வைத்த துவாரம் விடச் சொல். வலை கட்டாயம் வேண்டும். எலி புகுந்துவிட்டால் ராத்திரி தூக்கம் போய்விடும். ஷீட்டின் அடியில் இன்சுலேஷன் விரித்தால் வேர்வையும் குறையும், மழைச் சத்தமும் குறையும். மேலே ஏறிப் பார்க்க ஆள் நுழையும் அளவுக்கு ஒரு மூடி வைக்க வேண்டும். அடுக்களைமேல் மட்டும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று தம்பி சொன்னான். அதில் டிரில் போடவோ அறுக்கவோ விடாதே, அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாதது. தொங்கல் கம்பியெல்லாம் கீழே இருக்கிற பட்டியல் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும்.

இனி வேலையின் நுணுக்கம். நீ பொறியாளர் ஆக வேண்டாம், சில இடங்களில் கண் வைத்தால் போதும். ஜிஐ சட்டம் அரை மில்லிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும். விலையைக் குறைக்கிறவர்கள் முதலில் கைவைப்பது இங்கேதான், மேலே மறைந்துவிடும் அல்லவா. சீலிங் சட்டம் ஒன்றரை அடிக்கு ஒன்று வர வேண்டும். இரண்டு அடி தள்ளி வைத்தால் சட்டம் மிச்சமாகும், இரண்டு மழைக்காலத்தில் போர்டு நடுவில் தொங்கும். ஸ்க்ரூ சீலிங்கில் ஒன்பது அங்குலத்துக்கு ஒன்று. அதன் தலை காகிதத்துக்குள் லேசாகப் பதிய வேண்டும், காகிதம் கிழியக் கூடாது. கிழிந்தால் அந்த ஸ்க்ரூ எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பக்கத்தில் இன்னொன்று போடச் சொல். நாலு போர்டின் மூலை ஒரே புள்ளியில் கூடாமல், செங்கல் கட்டுகிறபோது மாற்றி வைப்பதுபோல் மாற்றி அடிக்க வேண்டும்.

ஜாயிண்டில் என்ன வைக்கிறார்கள் என்று நேரில் நின்று பார். சுவருக்கு அடிக்கிற சிமெண்ட் பட்டியையோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸையோ வைத்து அடைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். முதல் கோடையிலேயே மயிரிழைக் கோடு விழும். போர்டுக்கென்றே வரும் ஜாயிண்டிங் காம்பவுண்டும் காகித டேப்பும் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுது. போர்டின் நீளவாட்டு ஓரம் தொழிற்சாலையிலேயே சரித்து வரும், அந்தப் பள்ளத்தில் டேப் அமர்ந்துவிடும். வெட்டின ஓரத்துக்கு அந்தச் சரிவு கிடையாது. அங்கே காம்பவுண்டை ஒன்றரை அடி அகலத்துக்காவது இழுத்து மேட்டை மறைக்க வேண்டும். கைக்காரர் யார், வேலை பழகுகிறவர் யார் என்பது அந்த வெட்டின ஓரத்தில்தான் தெரியும்.

பெயிண்டுக்கு முந்தின நாள் ராத்திரி நீ ஒரு வேலை செய். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைச் சுவர் நெடுகப் படுக்கையாக விடு. பகலில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து எழும்பும். ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டம் போட்டு வை. காலையில் வேலைக்காரரிடம் சண்டையில்லாமல் காட்டு. நல்ல கைக்காரர் கோபிக்க மாட்டார், அவரே டார்ச்சை வாங்கி இன்னும் இரண்டு இடம் காட்டுவார். அமெரிக்காவில் ஃபினிஷிங்கை பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை நிலை பிரித்து, எந்த நிலை என்று சொல்லித்தான் விலை பேசுகிறார்கள். நம் ஊரில் அந்தக் கணக்கு வழக்கத்தில் இல்லை. ஆனாலும் சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற ஹால் சுவருக்கு முழுப்பரப்பும் மெல்லிய பூச்சு, சாமான் அறைக்கு ஜாயிண்ட் மட்டும் போதும் என்று நீயே பிரித்துச் சொல்லலாம். பணமும் மிச்சம்.

குளியலறையிலும் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பின்னாலும் ஜிப்சம் வேண்டாம். பச்சை நிறப் போர்டு ஈரக் காற்றைத் தாங்குவதற்கு. தண்ணீர் படுவதற்கு இல்லை. அந்த இரண்டு இடத்துக்கும் ஃபைபர் சிமெண்ட் போர்டு கேள். வீட்டின் மற்ற இடமெல்லாம் பச்சைப் போர்டே போடு, உங்கள் ஊருக்கு அந்தக் கூடுதல் விலை தகும். போர்டின் பின்பக்கம் கம்பெனிப் பேர், கனம், ஐ.எஸ். 2095 முத்திரை அச்சிட்டிருக்கும். இறக்கும்போதே படித்துப் பார்த்துப் படம் எடுத்து வை. சரக்கு இங்கிருந்து ஏறினால் போடிமெட்டு, பூப்பாறை, கேப் ரோடு வழியாக வர வேண்டும். கேப் ரோட்டில் மேகம் இறங்கினால் தார்ப்பாயை மீறி நனையும். நனைந்து ஓரம் உப்பின போர்டைத் திருப்பி அனுப்பு, காயவைத்து அடிக்க ஒப்புக்கொள்ளாதே. இறக்கினதைச் சுவரில் சாய்க்காமல், தரையில் கட்டை வைத்து அதன்மேல் படுக்கையாக அடுக்க வேண்டும்.

அவர்கள் முன்பு செய்த வேலையைப் பார்க்கப் போகும்போது போன மாதம் முடித்த வீட்டைக் காட்டினால் போதாது. ஒரு தென்மேற்குப் பருவத்தையாவது கண்ட வீட்டைக் காட்டச் சொல். மூணாறிலோ, சின்னக்கானாலிலோ, பள்ளிவாசலிலோ. போனில் வருகிற படத்தை நம்பாதே. அந்த வீட்டு அம்மாவிடம் தனியாகக் கேள், ஜாயிண்டில் கோடு விழுந்ததா, கூப்பிட்டபோது வந்தாரா என்று. ஜாயிண்ட் இழுக்கிற கை யாருடையது என்றும் கேள். காண்ட்ராக்டர் விலை பேசிவிட்டுப் போய்விடுவார். வேலை செய்வது வங்காளத்திலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த பிள்ளைகளாக இருக்கும். அவர்களில் அருமையான கைக்காரர்கள் இருக்கிறார்கள். யார் வருகிறார் என்று தெரிந்தால் போதும்.

அந்தப் பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள். சமவெளியிலிருந்து வந்தவர்களுக்கு உங்கள் குளிர் பழகியிருக்காது. கம்பளியும் சுடுதண்ணீரும் கொடு. உப்புத்தாள் தேய்க்கும் நாளில் வெள்ளைத் தூசி மூக்குக்குள் போகும், எல்லோருக்கும் முகமூடி நீயே வாங்கி வை. அந்த இரண்டு நாள் உன் அப்பாவை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடு. பேக்டரித் தூசியிலேயே அவன் நெஞ்சு போதுமான அளவுக்குக் கெட்டிருக்கிறது. சரக்கு வர நாளானாலோ மழையால் வேலை நின்றாலோ அவர்கள் கூலி நிற்காமல் காண்ட்ராக்டர் கொடுப்பாரா என்றும் விசாரி. கூலி நின்றால் அவர்கள் அடுத்த வேலைக்கு ஓடத்தான் செய்வார்கள், உன் ஜாயிண்ட் பச்சையாக இருக்கும்போதே.

பணத்தைப் பிரித்துக் கொடு. சரக்கு வீட்டில் இறங்கினதும் ஒரு பங்கு, சட்டம் முடிந்து நீ அளந்து பார்த்ததும் ஒரு பங்கு, போர்டு அடித்ததும் ஒரு பங்கு, ஜாயிண்ட் காய்ந்து டார்ச் பார்த்ததும் ஒரு பங்கு. பத்தில் ஒரு பங்கை முதல் பெருமழை வரைக்கும் கையில் வை. இதை முதல் நாளே சொல்லி, தாளிலும் எழுதிவிட வேண்டும், கடைசியில் சொன்னால் அது ஏமாற்று. அளவு எப்படி எடுப்பார்கள் என்பதும் தாளில் வேண்டும். சீலிங்கில் இறக்கம் வைத்தால் அதன் பக்கவாட்டையும் சதுர அடியில் சேர்ப்பார்களா, ஓட்ட அடியில் தனியாகப் போடுவார்களா என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்களுக்குக் கடைசிப் பில் பெரிய அதிர்ச்சியாக வரும். அடிமாலிக்காரரின் ஒற்றை வரியில் இதெல்லாம் எதுவும் இல்லை, கவனித்தாயா? ஒப்பந்தம் மலையாளத்தில் இருந்தால் தமிழிலும் ஒரு பிரதி எழுதி இரண்டிலும் கையெழுத்து வாங்கு. அப்பா அம்மா படித்துப் பார்க்க வேண்டும், பணம் அவர்களுடையது. பில்லை வாங்காமல் விடாதே. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையில் குறை இருந்தால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணில் கூப்பிட்டு வழி கேட்கலாம். அதற்கெல்லாம் பில்லும் தாளும்தான் சாட்சி.

அப்படியானால் பால் காய்ச்சுவது? குறித்த நாளை மாற்ற வேண்டாம். தையிலேயே காய்ச்சுங்கள், குடி போங்கள். சீலிங் இல்லாத வீட்டில் பால் பொங்காமல் போகாது. சொந்தக்காரர்கள் தகரத்தை அண்ணாந்து பார்த்து ஏதாவது சொல்வார்கள், சொல்லட்டும். மாசி பிறந்து பகல் வெயில் நன்றாக ஏறத் தொடங்கினதும் வேலையை ஆரம்பித்தால் பங்குனிக்குள் நிதானமாக முடியும், கோடை மழைக்கு முன்னால் பெயிண்டும் காய்ந்துவிடும். போடிக்காரரை வைக்கலாம் என்பது என் எண்ணம். அவர் கேட்கிற கூடுதல் பணம் காத்திருக்கிற நாட்களுக்கான விலை. அதைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதே, வேண்டுமானால் சீலிங் டிசைனில் ஓர் இறக்கத்தைக் குறைத்துக்கொள். அடிமாலிக்காரரும் மாசி வரைக்கும் பொறுத்து, மேலே சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுவதாக இருந்தால் அவரையும் தள்ள வேண்டாம். கேட்டுப் பார்.

அதற்கு முன் இந்த வாரமே ஒன்று செய்துவிடு. பின்சுவரில் இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளை வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் அகல டேப்பால் ஒட்டு. இரண்டு நாள் அப்படியே விட்டு எடுத்துப் பார். தாளின் உள்பக்கம் சுவரைத் தொட்ட முகத்தில் நீர்த்துளி இருந்தால் தண்ணீர் மலையிலிருந்து வருகிறது. அப்போது போர்டுக்காரரை வரச் சொல்லாதே, வாய்க்கால் வெட்ட ஆள் நான் இங்கிருந்து அனுப்புகிறேன். ஹால் பக்கச் சுவரிலும் ஒன்று ஒட்டு, இரண்டையும் ஒப்பிட வசதியாக இருக்கும். பார்த்ததும் போன் பண்ணு.

அப்பா அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா